காட்டை அளக்கும் கோல்

ஒரு காட்டின் உயிர்ப்பன்மையை எவ்வாறு அளப்பது? இஃது அறிவியலார்க்கே உரிய வினா எனப் பலர் ஒதுங்கிவிடுவர். எனக்கோ இதனுள் ஓர் அறவினா அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை வரிசைப்படுத்தினார். எங்கும் மலிந்து பூப்பதாயினும் அரிதாய்ப் பூப்பதாயினும் அவ்வரிசையில் அதற்கு ஒரு பெயர்தான். இனங்களின் தொகையை மட்டும் எண்ணும் முறையும் இத்தகையதே. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில், 1980களின் நடுவில் 50 ஹெக்டர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதலாக மரங்கள் யாவற்றையும் அளந்து பெயர் குறித்தனர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள்; 800க்கு மேற்பட்ட இனங்கள்! அருகிலுள்ள செம்பனைத் தோட்டங்களிலோ நட்ட மரம் ஒன்றே.

ஆயினும் தொகை மட்டும் போதுமா? இரு காடுகளைக் கருதுவோம். இரண்டிலும் 100 மரங்கள், 10 இனங்கள். முதற்காட்டில் இனத்துக்குப் பத்து மரங்கள். மற்றதில் ஓரினமே 91. ஏனைய ஒன்பதும் ஒவ்வொரு மரம். இவ்விரண்டும் சமமென்று கூற மனம் ஒப்புமா? 1949இல் சிம்சன் என்பார் ஒரு வழி கூறினார். கண்ணை மூடிக்கொண்டு இரு மரங்களைத் தேர்ந்தால், அவை ஓரினமாய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? முதற்காட்டில் அது 0.09, மற்றதில் 0.83. வாய்ப்புக் குறையக் குறையப் பன்மை மிகும். வண்ணக் கோலிகளைக் கொண்டே வகுப்பில் இதனை விளக்கிவிடலாம்.

இனி, இரண்டாங் காட்டின் தனிமரம் ஒன்றை வெட்டிவிடுவோம். ஓரினம் அங்கே அடியோடு அற்றுப்போயிற்று. சிம்சன் கணக்கிலோ 0.83 என்பது 0.84 ஆகும், அவ்வளவே! கணக்கில் பிழையில்லை. பெருந்தொகையினர்க்கு மிகுந்த நிறை தருவது என்ற முடிவு, எண்ணத் தொடங்குமுன்பே மனிதர் செய்துகொண்டது. சிறுபான்மையராய் வாழும் நமக்கு இது விளங்காததன்று.

இனத்தொகையும் குறையற்ற கோலன்று. மெல்ல வளரும் செங்கால் அழிந்து, வெட்டவெளியில் விரைந்து முளைக்கும் மகாங் அவ்விடத்தைப் பிடித்தால் தொகை மாறாது. ஆகவே, காட்டின் பன்மை குறையவில்லை என்று எவரேனும் அறிக்கை நீட்டினால், எந்தக் கோலால் அளந்தீர், எதனைக் குறைத்து எண்ணினீர் என்றே முதலில் வினவ வேண்டும். பாசோவில் ஒவ்வொரு மரத்துக்கும் எண்தகடு கட்டி, ஐந்தாண்டுக்கொருமுறை மீண்டும் அளக்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். அப்பேரேட்டில் தனிமரத்துக்கும் தனிவரி உண்டு.