தீராத நோவும் திருவருளும்



அம்பாளின் திருவருளால் எமது தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தின் ஆண்டு மலர் இவ்வாண்டும் வெளிவருகின்றது. இதற்கு ஒரு கட்டுரை தருமாறு பரிபாலன சபையினர் கேட்டபோது, ஆலய வழிபாட்டின் சிறப்பைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து திருநீறு வாங்கும்போது, எனக்கு முன்னால் நின்ற என் அக்காவின் கைகளைக் கண்டேன். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்திருந்தன. ஐயர் இட்ட திருநீறு விரல் இடுக்குகளால் தரையில் சிந்தியது. அக்கா என்னிடம் பல வருடங்களுக்கு முன் கேட்ட ஒரு கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. இன்று சொல்ல முயல்கின்றேன்.

என் அக்கா பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கத் தொடங்கியவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவர் விரல்கள் கிள்ளும் வேகத்தைக் கங்காணிமாரே பாராட்டுவார்கள். 2011 ஆம் ஆண்டு பனிக்காலத்தில், ஒரு நாள் காலையில் எழுந்தபோது இரு கை விரல்களும் மடங்க மறுத்தன. லிந்துலைக் குளிர்தானே என்று தைலம் பூசிக்கொண்டு மலைக்குப் போனார். சில வாரங்களில் தேநீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. கிலோ குறைந்தது; முழுப்பேர் அரைப்பேராயிற்று. இரத்தப் பரிசோதனை செய்த வைத்தியர் இது முடக்குவாதம் என்றார்.

ஸ்டெரொயிட் குளிசை கொடுக்கப்பட்டது. முதல் கிழமையிலேயே வீக்கம் வற்றியது. அக்கா மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார். அம்பாளுக்குச் சிதறு தேங்காய் உடைத்தோம். ஆனால் சில மாதங்களில் நோவு திரும்பி வந்தது. குளிசையின் அளவைக் கூட்டியும் பயனில்லை. முகம் ஊதியது, இரத்தத்தில் சீனி ஏறியது, நோவு மட்டும் போகவில்லை. வெறுத்துப்போன அக்கா யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் குளிசையை நிறுத்திவிட்டார். அடுத்த சில நாட்களில் மயங்கி விழுந்து, அவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதாயிற்று.

இதற்கிடையே லயத்தில் பேச்சு எழுந்தது. "சாமிக் குத்தம்" என்றார்கள் சிலர். "போன ஜென்மத்துப் பாவம்" என்றார்கள் வேறு சிலர். அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சைவ சமயம் கற்பித்துக்கொண்டிருந்த நானே ஒரு நாள், "அக்கா, ஏதும் நேர்த்தி பாக்கி இருக்கா, யோசிச்சுப் பாரு" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "எல்லாந்தான் செஞ்சிட்டேன் தம்பி. இப்ப கும்புடக்கூட ரெண்டு கையும் சேர மாட்டேங்குது. அப்ப நான் கும்புடுறது சாமிக்குப் போய்ச் சேராதா?" என்று கேட்டார்.

இதுதான் அந்தக் கேள்வி. மருந்தும் கேட்கவில்லை, நேர்த்தியும் பலிக்கவில்லை என்றால், நோயாளியிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்று கொள்ளலாமா?

மருந்தைப் பற்றி

முதலில் மருந்தைப் பற்றிய ஒரு தெளிவு வேண்டும். எம் உடலைக் கிருமிகளிடமிருந்து காக்கும் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, சொந்த மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகின்றது. பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒரே விதமாக வீங்கும். காலையில் நெடுநேரம் விறைத்திருக்கும். சேலை கழுவியதாலோ, குளிர்ந்த நீரில் நின்றதாலோ, முற்பிறவியில் யாரையோ அடித்ததாலோ வருவது என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை.

1948 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் என்ற வைத்தியர் முடக்குவாதத்தால் நடக்கமுடியாதிருந்த ஒரு பெண்ணுக்கு கோர்ட்டிசோன் என்ற ஸ்டெரொயிட்டை ஊசி மூலம் ஏற்றினார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950 ஆம் ஆண்டு அவருக்கும் அவரோடு இத்துறையில் உழைத்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த மருந்து நோயை வேரோடு அறுப்பதில்லை என்பதும், நீண்ட காலம் உட்கொண்டால் எலும்பும் உடலும் நலிவடையும் என்பதும் பின்னர் தெரியவந்தன. அது பற்றி எரியும் நெருப்பின் மேல் ஊற்றும் நீர் போன்றது. நெருப்பு மறுபடி மூளாமல் காக்க வேறு மருந்துகள் வேண்டும். மெதொட்ரெக்சேற் போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. அவை பலன் தரப் பல வாரங்கள் செல்லும். மெதொட்ரெக்சேற் குளிசை கிழமைக்கு ஒரு தடவை மட்டுமே எடுக்க வேண்டியது. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்டெரொயிட்டையும் நாமாக நினைத்தவுடன் நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தபடியால், உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டிருக்கும். வைத்தியர் படிப்படியாகவே குறைப்பார். என் அக்கா மயங்கி விழுந்த காரணம் இதுவே. சாமி தண்டித்ததனால் அல்ல.

ஆகவே ஸ்டெரொயிட் கைகொடுக்கவில்லை என்றால் மருத்துவமே கைவிட்டது என்று எண்ணவேண்டாம். வாத நோய்க்கான விசேட வைத்தியரைக் காணவேண்டும் என்பதே அதன் பொருள். எனினும் உண்மையை மறைக்கக்கூடாது. காலம் கடந்து வளைந்துவிட்ட விரல் எந்த மருந்தாலும் பழையபடி நிமிர்வதில்லை. கெட்டுப்போன மூட்டின் நோவு, வீக்கம் வற்றிய பிறகும் ஓரளவு இருக்கவே செய்யும். அந்த மிச்ச நோவோடு எப்படி வாழ்வது என்பதற்குத்தான் சமயம் விடை சொல்லவேண்டும்.

வினையைப் பற்றி

"அப்படியானால் வினை என்பது பொய்யா?" என்று அடியார்கள் கேட்கலாம். பொய் என்று நான் சொல்லவில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும் என்பது சைவ சித்தாந்தம். முன் செய்து சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். அடுத்த காம்பராவில் நோவில் துடிப்பவரின் பிராரத்தக் கணக்கு இறைவனுக்கு மட்டுமே தெரிந்தது. அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க எம்மை யாரும் கணக்கப்பிள்ளையாக நியமிக்கவில்லை. ஆனால் "உன் பாவம்தான்" என்று அவர் மனம் புண்படச் சொல்லும் சொல் இருக்கிறதே, அது எம்முடைய ஆகாமியம். பிறர் வினையை எண்ணப் போய் எம் வினையைப் பெருக்கிக்கொள்கிறோம். அக்காவிடம் நான் கேட்ட கேள்வியும் அப்படிப்பட்டதே.

பதினாறாம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த மேல்பத்தூர் நாராயண பட்டதிரி வாத நோயால் முடங்கியவர். குருவாயூரப்பன் சந்நிதியில் இருந்து, நாளுக்கு ஒரு பத்து சுலோகமளவில் நூறு நாட்களில் அவர் பாடி முடித்ததே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட நாராயணீயம். அந்த நோய் அவர் செய்த பாவத்தால் வந்ததல்ல, தம் குருவுக்கு வந்த வாத நோயைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்பதே மரபு. நோய் பாவத்தின் அடையாளம் என்போர், அன்பின் அடையாளமாகவும் ஒரு நோய் இருந்தது என்ற இந்த வரலாற்றை நினைக்கவேண்டும். அந்த மகா பக்தர் ஆயுளும் ஆரோக்கியமும் சுகமும் வேண்டித்தான் நூலை முடித்தார். ஆகவே நோய் தீரவேண்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை.

பட்டதிரியின் நோய் தீர்ந்தது என்று மரபு சொல்கின்றது. தீராதவர்களும் உண்டு. ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால் வருந்தி 1886 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 ஆம் திகதி மகாசமாதி அடைந்தார். நோய் தீராதது பக்திக் குறைவால் என்றால், காளி அன்னையோடு பேசிய அந்த மகானுக்கு எந்தக் குறைவு? கொஞ்சமாவது உண்ண அன்னையிடம் கேளுங்கள் என்று சீடர்கள் மன்றாடியபோது அவர் கேட்டார். இத்தனை வாய்களாலும் நீதானே உண்கிறாய் என்று அன்னை உணர்த்தியதாக அவரே சொன்னார். காசிப்பூர் தோட்ட வீட்டில் இரவு பகலாக அவருக்குப் பணிவிடை செய்த இளைஞர்களே பின்னர் துறவு பூண்டு இராமகிருஷ்ண சங்கத்தை வளர்த்தார்கள். குருவின் நோய் தீரவில்லை. ஆனால் அந்த நோய்ப் படுக்கையைச் சுற்றி ஒரு பெரும் தொண்டு பிறந்தது.

கண்ணுக்கு முன் கோல்

எமது பெரியபுராணத்தில் இதற்கு இன்னும் தெளிவான விடை இருக்கின்றது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்த சுந்தரமூர்த்தி நாயனார், அதை மீறி எல்லை தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழந்தார். திருவெண்பாக்கம் சென்று இறைவனிடம் முறையிட்டார். இறைவன் உடனே கண்ணைக் கொடுக்கவில்லை. தாம் அங்கே இருப்பதாகவும், நீர் செல்லும் என்றும் சொல்லி, ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். சுந்தரர் மகிழவில்லை, மனம் நொந்து குறை சொல்லியே பாடினார். ஆனால் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு நடந்தார். காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூர் சேர்ந்த பிறகே வலக்கண்ணும் கிடைத்தது.

அடியார்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். இங்கே குற்றம் உண்மையிலேயே இருந்தது. யாவரும் அறிந்த குற்றம். அப்படியிருந்தும் இறைவன் கொடுத்தது கோல். குற்றம் செய்தவருக்கே அவன் கோல் கொடுத்தான் என்றால், குற்றம் என்னவென்றே தெரியாத ஒருவரை நாம் சொல்லால் அடிப்பது எந்தச் சைவ நீதி? நோயாளியும் ஒன்றை அறியவேண்டும். நோவு தாங்காமல் சாமியிடம் கோபிப்பது பாவமல்ல. தம்பிரான் தோழரே கோபித்தார். ஆனால் கண் கிடைக்கவில்லை என்று அவர் கோலை வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் ஆரூர் போய்ச் சேர்ந்திருப்பாரா?

எமக்குக் கோல் எது? திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஆனால் அதோடு விட்டுவிடாமல் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகில் இருந்து உதவுபவர் என மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொன்னார். முதல் மூன்றும் தோற்றுப்போனாலும் நான்காவது தோற்கவேண்டியதில்லை. அந்த நான்காமவர் நாம்தான்.

எங்கள் வீட்டில் இதை உணர எனக்கு வெகு காலம் பிடித்தது. இன்று மச்சான் காலையில் முதலில் எழுந்து சுடுநீர் வைக்கிறார். அக்கா அதில் கைகளை வைத்து மெதுவாக மடக்கி நீட்டிய பிறகே அன்றைய வேலை. துணி பிழிவதும் தேங்காய் துருவுவதும் பிள்ளைகளின் பொறுப்பு. பேத்தி அவருக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள். கிளினிக் நாளில் பஸ்ஸில் கூட்டிச் செல்ல ஒருவர் முறை வைத்துப் போகிறோம். மருந்து மாற்றிய பின் வீக்கம் குறைந்திருக்கிறது. நோவு முற்றாகப் போகவில்லை. சில இரவுகளில் அழுவார். சில நாட்களில் எரிந்து விழுவார். நாங்கள் இப்போது காரணம் கேட்பதில்லை, கூட இருக்கிறோம். அவர் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டார். அந்த விரல்கள் பறித்த கொழுந்தில் இரண்டு பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். இனிப் பறிக்காவிட்டாலும் அவர் எங்களுக்குக் குறைந்தவர் அல்லர்.

எமது தோட்டத்தில் இப்படிப்பட்ட கைகள் இன்னும் பல உண்டு. ஆலயத்தில் நெடுநேரம் நிற்க முடியாதவருக்கு ஒரு கதிரை போடுவோம். திருநீற்றை நீட்டச் சொல்லாமல் நாமே நெற்றியில் இட்டுவிடுவோம். "இன்னும் சுகமாகலையா?" என்று கேட்பதை விடுத்து, "தண்ணி எடுத்துத் தரட்டா?" என்று கேட்போம். விரல் வீங்கியவரை மந்திரிக்க அழைத்துப் போகுமுன் வைத்தியரிடம் அழைத்துப் போவோம். நேர்த்தி வைப்பது தவறல்ல. மருந்தை நிறுத்திவிட்டு நேர்த்தி வைப்பதே தவறு.

இனி அக்காவின் கேள்விக்கு விடை. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கோயில் கட்டப் பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோயில் எழுப்பினார். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் அந்த மனக்கோயிலுக்கு அன்று எழுந்தருளினான். ஒரு செங்கல்லும் வைக்காத கையின் கோயிலுக்கு வந்தவன், கூப்ப முடியாத கையின் கும்பிடை ஏற்காமல் இருப்பானா?

கடந்த தேர்த்திருவிழாவில் அக்காவால் வடம் பிடிக்க முடியவில்லை. பேத்தி அவர் கையைத் தூக்கி வடத்தின் மேல் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். தேர் நகர்ந்தது. "போய்ச் சேர்ந்திருக்கும் அக்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வடத்தோடு நடந்துகொண்டிருந்தார்.

நோவில் வாடும் அனைவருக்கும் அம்பாள் சுகத்தைத் தந்தருள்வாளாக. அது வரும்வரை ஊன்றுகோலாக நிற்கும் மனத்தை எமக்குத் தந்தருள்வாளாக.

சுபம்.