நீட்டும் கை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், நிழல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வலை சரிபார்ப்பார்கள். கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டி வெளியே வரும். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ஆறு வருடத்துக்கு முன்பே விட்டவர் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி அவரிடமும் வருகிறது. "வுட்டுட்டேன்ண்ணே" என்கிறார். "தெரியும்பா. ஒண்ணுதானே, ஒண்ணும் ஆவாது" என்று பதில் வருகிறது. ஒரு சிகரெட் பெட்டியிலிருந்து பாதி இழுக்கப்பட்டு, அதன் பஞ்சு முனை அவர் பக்கம் திரும்பி நிற்கிறது.

அவர் அதை எடுத்துக்கொண்டால் பிழை யாருடையது?

ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: அவருக்கு மன உறுதி போதவில்லை. வீட்டில் மனைவியும் அதையேதான் சொல்வார். இரவு படுக்கும்போது அவரே தன்னைப் பார்த்து அதைச் சொல்லிக்கொள்வார். இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு.

நிகோடின் நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. பல ஆண்டுகள் புகைத்தவரின் மூளையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகிவிடுகின்றன. விட்டபின் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று நான்கு மாதங்களில், அவை பழைய அளவுக்குத் திரும்புகின்றன. எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அந்தக் காலத்தோடு போய்விடுகின்றன. ஆறு வருடம் கழித்து வரும் தவிப்பு வேறு வகை. உடம்பில் நஞ்சு மிச்சமில்லை, நினைவு மட்டும் மிச்சமிருக்கிறது. வலையின் ஈர வாசனை, கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் டீ, தீக்குச்சி உரசும் சத்தம், சாவு வீட்டுப் பந்தலில் விடியும்வரை விழித்திருக்கும் இரவு: இவை ஒவ்வொன்றோடும் ஆயிரம் முறை சேர்ந்து வந்த புகையை மூளை மறப்பதில்லை. அடையாளத்தைக் கண்டதும் ஆளைக் கேட்காமலேயே அது ஏங்கத் தொடங்கிவிடுகிறது. மனிதன் தேர்ந்தெடுக்காத ஒன்றைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆசை எழுவது பாவம் என்றால் பசி எழுவதும் பாவம்தான்.

மன உறுதி பற்றிப் பேசுகிறவர்கள் ராயபுரத்தில் நின்றுகொண்டு ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். 1949 செப்டம்பரில் இங்கே ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்தபடி ஒரு கட்சி தொடங்கியது. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்ற மூன்று சொற்களை அதற்குக் கொடுத்தவர் அண்ணா. புகையிலைப் பழக்கம் அவருக்கு இருந்தது. புற்றுநோய் வந்து, நியூயார்க்கில் அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பி, 1969 பிப்ரவரி 3 அன்று 59 வயதில் மறைந்தார். அவரைப் பலவீனர் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? புகையிலை பலவீனர்களைத் தேடிப் பிடிப்பதில்லை என்பதற்காக மட்டுமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விட்டவரை மறுபடி இழுக்க இந்த வடசென்னையில் ஒரு தனிச் சமாதானம் உண்டு. எண்ணூரிலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் எந்த டீக்கடையிலும் அது காதில் விழும்: "எப்படியும் இந்தப் பொகையத்தான் சுவாசிக்கிறோம். சிகரெட்டு ஒண்ணு என்னா பண்ணிடப் போவுது?" இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் முதல் பாதி உண்மை. அனல்மின் நிலையச் சாம்பல், சுத்திகரிப்பு ஆலையின் எரிவாயு நாற்றம், துறைமுகத்தை நோக்கி எக்ஸ்பிரஸ் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இந்தக் காற்றை இவர்கள் கேட்டு வாங்கவில்லை. இவர்கள்மேல் திணிக்கப்பட்டது.

ஆனால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி பொய், அதுவும் உயிரைக் குடிக்கிற பொய். இரண்டு கேடுகள் ஒரே நுரையீரலில் சேரும்போது வெறுமனே கூடிக்கொள்வதில்லை, சில சமயம் பெருகுகின்றன. இதைத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவில் கல்நாரோடு வேலை செய்த தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வு. செலிகாஃப், ஹாமண்ட் முதலியோர் 1979இல் வெளியிட்டது. கல்நார்த் தூசி மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவருக்குச் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 15 அல்ல, 50 மடங்குக்கும் மேல். எண்ணூர்க் காற்றுக்கு இதே கணக்கை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் ஏற்கெனவே அடிபட்ட நுரையீரலுக்கு இன்னொரு அடி சின்னது என்ற வாதம் அன்றே செத்துவிட்டது. கெட்ட காற்றில் வாழ்கிறவர்தான் சிகரெட்டை விடுவதில் மற்றவர்களைவிட அதிகம் பெறுகிறார். அதோடு இன்னொன்று: "எப்படியும் சாகத்தான் போறோம்" என்று ஒரு ஊரே நம்பத் தொடங்கினால், காற்றைக் கெடுத்தவர்களிடம் கணக்குக் கேட்க ஆள் மிஞ்சாது.

சரி, நீட்டிய கைக்கு வருவோம்.

அந்தக் கையில் கெட்ட எண்ணம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உழைக்கிறவர்கள் நடுவில் பகிர்தல் பெரிய பண்பு. கடைசி பீடியைப் பாதி இழுத்துவிட்டு மீதியைக் கொடுப்பவர் அந்த நேரத்தில் உலகத்தையே கொடுக்கிறார். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, வட்டத்தில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டால் அவமதித்ததாக நினைக்கிறது. ஆனால் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் விட்டுவிட்டால் அவர் எதுவும் சொல்லாமலேயே மற்றவர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: "அவனால முடிஞ்சது, நம்மால ஏன் முடியல?" அவர் ஒன்று பற்றவைத்துவிட்டால் அந்தக் கேள்வி அணைந்துவிடும். "ஒண்ணும் ஆவாது" என்ற சொல்லில் பாசம் பாதி, இந்த நிம்மதி பாதி.

வளர்ந்த மனிதர், அவர் கை, அவர் வாய், எடுத்தது அவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரியாமல் நீட்டியவர்மேல் பழி சொல்ல எதுவும் இல்லை. "தெரியும்பா" என்று சொல்லிவிட்டு நீட்டியவர் நிலை அப்படியா? சர்க்கரை நோய் உள்ளவரின் இலையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மைசூர்பாகு வைத்தவரை நாம் அன்பானவர் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் இருந்தது. இப்போது சொல்வதில்லை. இன்னொருவரின் சறுக்கும் இடம் தெரிந்தபின் அங்கே எண்ணெய் ஊற்றுவது, ஊற்றிய கை எவ்வளவு பாசமானதாக இருந்தாலும், தவறுதான். விட்டவர் ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் மறுத்திருக்கிறார். நீட்டியவர் ஒரே ஒரு முறை நீட்டாமல் இருந்தால் போதும். இந்த இரண்டு சுமைகளையும் எடை போட்டால், சின்னச் சுமையைக்கூடத் தூக்க மறுத்தவர் பக்கமே பழி கூடுதலாகச் சாய வேண்டும்.

விட்டவருக்குக் கடமையே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தவிப்பு வரும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் எழுந்து நிற்கவும், நடக்கவும், குழாயடியில் முகம் கழுவவும் அவரால் முடியும். வட்டத்தில் உட்காரும்போதே "எனக்கு நீட்டாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியும். அதைவிட முக்கியமானது, விழுந்தால் அதை மறைக்காமலிருப்பது. ஒரு சிகரெட் பிடித்தவர் "எல்லாம் போச்சு" என்று நினைப்பதுதான் முழுப் பெட்டிக்கு வழி என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980களிலேயே விளக்கியிருக்கிறார். ஒன்றைப் பிடித்த குற்ற உணர்வு ஒளிவுமறைவை உண்டாக்குகிறது. வாயில் ஏலக்காய், சட்டையில் சென்ட், வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் இரண்டாவது சிகரெட் தேவைப்படுகிறது. அன்று இரவே மனைவியிடம் "இன்னிக்கி ஒண்ணு புடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டால் ஆறு வருடம் அப்படியே இருக்கிறது, ஒரு நாள் கறையோடு. கேட்கிறவரும் அதைக் கேட்கிற விதமாகக் கேட்க வேண்டும். கத்தினால் அடுத்த முறை உண்மை வராது.

பெட்டிக்கடையைப் பற்றியும் ஒரு சொல். ஐடிசி நிறுவனம் தன் சிகரெட் அட்டைகளுக்காக 1925இல் தொடங்கிய அச்சுப் பிரிவுக்குத் திருவொற்றியூரில் ஆலை உண்டு. விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்ததும் ஒரு தீப்பெட்டிக் கம்பெனிதான். அட்டையும் தீக்குச்சியும் சோறு போட்ட ஊர் இது. 2016 முதல் அந்த அட்டையின் 85 சதவீதத்தை எச்சரிக்கை மூடுகிறது. 2018 முதல் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் அதில் அச்சாகிறது. ஆனால் கடையில் உதிரியாக வாங்கும் ஒற்றைச் சிகரெட்டில் படமும் இல்லை, எண்ணும் இல்லை. மறுபடி விழுகிறவர் பெட்டியே வாங்க வேண்டியதில்லை. ஒன்று வாங்கினாலே போதும். யாருக்கு அந்த எச்சரிக்கை மிகத் தேவையோ அவர் கண்ணில் மட்டும் அது படுவதில்லை. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் உதிரி விற்பனைக்குத் தடை போட்டிருக்கின்றன. தமிழ்நாட்டிலும் அது வர வேண்டும். கடைக்காரரின் பிழைப்பை எண்ணித் தயங்குவது இயல்புதான். ஆனால் அந்தக் கடைக்கு வருகிறவர்களும் அவர் தெருக்காரர்கள்தான்.

இதைப் படிக்கிறவர்களில் புகைப்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் கூட்டத்தில் விட்டவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அடுத்த முறை அவர் வந்து பக்கத்தில் உட்காரும்போது பெட்டியைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு டீ சொல்லுங்கள்.