சாறும் கோதும்

ஐப்பசி மாதத்து வளர்பிறைப் பிரதமையில் ஆரம்பித்துச் சஷ்டியில் நிறைவெய்தும் கந்தசஷ்டி விரதத்தை உரும்பிராய்க் கிராமத்துச் சைவக் குடும்பங்கள் அனுஷ்டிக்கும் முறை ஒன்றல்ல. மிளகும் தண்ணீருமே போதுமென்று ஆறு நாளையும் கழிப்போர் ஒருபுறமிருக்க, இளநீரோடு நிற்போரும், பாலும் பழமும் கொள்வோரும், ஒரு பொழுது மாத்திரம் உண்போரும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வளவுகளிலே வாழ்கின்றனர். இவர்களுள் பழச்சாற்றோடு விரதம் காப்போர்க்கு, குசினி மேசையின்மேல் ஜூசரும் பிளெண்டரும் அருகருகே வந்து அமர்ந்த பின்னர், முன்னோர்க்கு நேராத ஒரு சங்கை நேர்ந்திருக்கிறது. தோடம்பழத்தைப் பிழிந்து வடித்துக் குடித்தால் விரதத்துக்குப் பங்கமில்லை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பப்பாப்பழத்தைப் பிழிந்தால் சாறென்று ஒன்று ஓடி வராது. அதை அரைத்தே ஆகவேண்டும். அரைத்ததைக் கிளாசில் ஊற்றிக் குடிப்பது பானமா, போசனமா?

“மாமி, வடிக்காமல் அப்பிடியே குடிச்சால் விரதம் முறியுமே?” என்று மருமகள் கேட்பாள். “வடிச்சுத் தா பிள்ளை. கோது வாயிலை பட்டால் அது சாப்பாடுதானே” என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிடுவார். சாஸ்திரம் கல்லாத ஒரு கிழவியின் வாய்மொழி என்று இதை ஒதுக்கிவிடலாகாது. பழத்திலே சாரம் வேறு, சக்கை வேறு. சாரம் சுத்தமானது, சக்கை ஸ்தூலமானது. முன்னது விரதத்துக்கு இயைந்தது, பின்னது அதனைக் கெடுப்பது என்னும் ஒரு முழுத் தத்துவமே அந்தச் சிறு வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

முதலில் விரதம் என்பதன் இலக்கணத்தை நோக்குவோம். நல்லூர் ஆறுமுக நாவலர் தமது சைவ வினாவிடையிலே விரதத்தை வரையறுக்குங்கால், மனமானது பொறிகளின் வழியே ஓடாமல் நிற்கும்பொருட்டு உணவை விடுத்தோ சுருக்கியோ, முக்கரணங்களாலும் இறைவனை மெய்யன்போடு வழிபடுதல் என்ற கருத்தில் வரையறுத்திருக்கிறார். இங்கே அளவுகோலாக நிற்பது பொறியேயன்றிப் பல்லன்று. உணவு திரவமாயிருந்ததா திடமாயிருந்ததா என்று அவர் விசாரிக்கவில்லை. நாவை அது அடக்கிற்றா, அவிழ்த்துவிட்டதா என்பதே விசாரணை. இந்தத் தராசிலே ஜூசர் பிழிந்த ஒரு கிளாஸ் தோடம்பழச் சாற்றை வைத்துப் பார்த்தால், மாமியாரின் தீர்ப்பு தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. பழத்திலே நாவுக்கு இன்பந் தருவது இனிப்பு. இன்பந் தராதது, மெல்லும் பொறுமையைக் கேட்பது, நார். மூன்று நான்கு பழத்தின் இனிப்பை ஒரே மூச்சில் அருந்திவிட்டு, ஒரு பழத்தின் நாரையும் தொடாது விடுகின்ற ஒருவர் துறந்தது எதனை? இனிப்பை வைத்துக்கொண்டு தவத்தைக் கோதோடு கொட்டிவிடும் இந்த விரதத்துக்குச் சலரோகக்காரர் மலிந்த நமது நாட்டிலே இத்தனை மரியாதை வந்த விதம் எனக்கு விளங்கவில்லை.

வைத்திய சாஸ்திரமும் இவ்விஷயத்தில் நாவலர் பக்கமே சாய்கின்றது எனலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சீனி பற்றிய வழிகாட்டலிலே, நாளாந்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்படலாகாதென்று வரையறுத்த சீனிக் கணக்கில், தேனோடும் பாணியோடும் பழச்சாற்றின் சீனியையும் சேர்த்தது. முழுப் பழத்துள் இருக்கும் சீனியை அக்கணக்கில் சேர்க்கவில்லை. பொருள் ஒன்றுதான், நாரின் கூட்டிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்தவுடன் அதன் குணம் மாறிவிடுகிறது. 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஹாவார்ட் ஆய்வாளர் வெளியிட்ட நெடுங்கால ஆய்வொன்றும் இதற்கு அநுகூலமானதே: புளூபெரி, முந்திரிகை, அப்பிள் முதலியவற்றை முழுப் பழமாக உண்டோரிடம் சலரோகம் குறைவாகவும், பழச்சாற்றை மிகுதியாக அருந்தியோரிடம் அது கூடுதலாகவும் காணப்பட்டது. பிளெண்டர் நாரைப் பொடியாக்குமேயன்றி வெளியே எறிவதில்லை. ஆதலால் அரைத்துக் குடிப்பவர் பழத்தின் பெரும்பகுதியைப் பழமாகவே கொள்கிறார்.

இனி, சாரத்தைச் சக்கையினின்று பிரிக்கலாம் என்னும் அந்த அடிப்படை நம்பிக்கைக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்ட தேவர், சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தை விளக்கும் வெண்பா ஒன்றிலே, இறைவன் உயிர்களோடு அத்துவிதமாய் நிற்கும் நிலைக்குப் பழத்தையும் அதன் சுவையையும் உவமை காட்டுகின்றார். பழத்தைக் காட்டிச் சுவை இதுவென்று தனியே சுட்ட முடியாது. சுவையை நீக்கிவிட்டுப் பழம் இதுவென்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றே என்று சாதித்தாலும் தவறு. ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கும் இந்தச் சம்பந்தத்தை விளக்க இதைவிடக் கைக்கெட்டிய பொருள் கிடைத்தல் அரிது.

ஜூசர்க்காரர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, “நான் சுவையைப் பழத்தினின்று பிரித்துக் கிளாசிலே காட்டுகின்றேனே, உமது மெய்கண்டார் என்ன செய்வார்?” என்று கேட்கக்கூடும். ஆனால் அவர் பிரித்தது சுவையையன்று. நாரென்னும் தடித்த உடம்பிலிருந்து நீரென்னும் மெல்லிய உடம்புக்குச் சுவையைக் குடிமாற்றினார், அவ்வளவே. நீரையும் வற்றச் செய்தால் பாணியென்னும் உடம்பு. பாணியையும் வற்றச் செய்தால் சர்க்கரைக் கட்டியென்னும் உடம்பு. எவ்விடத்தும் உடம்பின்றிச் சுவை தனித்து நின்றதில்லை. ஸ்தூல தேகத்தை விட்டுச் சூக்கும தேகத்தோடு புறப்பட்ட உயிரை முத்தியடைந்ததென்று எந்தச் சித்தாந்தியும் சொல்லமாட்டான்.

சக்கை என்பதும் பழத்தின் தன்மையன்று, பிழிபவனின் தேவையால் வரும் பெயர் என்பதை உணர வேண்டுமாயின், பனையைக் காட்டிலும் சிறந்த குரு நமது குடாநாட்டிலே இல்லை. ஆவணி மாதத்திலே விழுந்த பனம்பழத்தின் கரிய தோலை உரித்துவிட்டு, மஞ்சட் சடையோடு கூடிய கொட்டையைச் சிறிது நீர் தெளித்துக் கையாற் பிசைந்தால், தும்பு விரல்களுக்கிடையே சிக்கச் சிக்கப் பனங்களி வழிந்து சட்டிக்குள் இறங்கும். அதை வடித்து ஓலைப்பாயிலே பரவி, வெயிலிற் காயவிட்டு, காய்ந்ததன்மேல் மறுபடி பரவிப் பரவிப் பனாட்டாக்குவர். பாய்க்காரியின் கணக்கிலே பனங்களியே சாரம், கொட்டை சக்கை. ஆனால் அந்தக் கொட்டைகளை அவளே பொறுக்கிப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிடுகிறாள். சில மாதங்களில் கிழங்கு இறங்குகிறது. கொட்டையைப் பிளந்தால் குழந்தைகள் அடிபடும் பூரான் கிடைக்கிறது. கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவிலே கூழ் கொதிக்கின்றது. நேற்றுச் சக்கையென்று தள்ளியது இன்று பசிக்குச் சாரம். பனையைக் கேட்டால், கொட்டையே சாரம், களியெல்லாம் அதைத் தூரத்துக்குச் சுமப்பிக்க மாட்டுக்குக் கொடுத்த கூலி என்று சொல்லக்கூடும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடையாமற் போனபோது இதே பனங்களியைக் கொண்டு யாழ்ப்பாணத்தார் உடுப்பும் தோய்த்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. அக்காலத்திலே, 1990 முதற் பல்லாண்டு மின்சாரமே இல்லாதிருந்தபடியால், பிழிவதா அரைப்பதா என்ற வழக்கு அம்மியோடும் உரலோடும் முடிந்துபோயிற்று.

கோயிலுக்குள் நுழைந்தால் இவ்வழக்கு எத்துணைச் சுமுகமாகத் தீர்ந்திருக்கிறதென்பது தெரியும். கருணாகரத் தொண்டைமானோடு இணைத்து ஐதிகம் வழங்கும் உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையார் போன்ற நமது ஆலயங்களிலே, அபிஷேகத்தில் தேசிக்காய்ச் சாறும் கருப்பஞ்சாறும் இளநீரும் வடித்த திரவங்களாகச் சொரியப்படுகின்றன. அதே அபிஷேகத்தில், வாழைப்பழத்தைத் தோலுரித்துப் பிசைந்து, சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சம்பழமும் கலந்த பஞ்சாமிர்தமும், வடிகட்டப்படாமலே, கட்டியும் குழைவுமாக விக்கிரகத்தின்மேல் வழிகின்றது. அயலூராகிய நீர்வேலித் தோட்டத்துக் கதலியை எந்த ஜூசரிலிட்டாலும் களியே வருமன்றிச் சாறு வராது. ஆகமம் அதனிடம் சாற்றைக் கேட்கவுமில்லை. பிழிய இசைவதைப் பிழிந்தும், பிசைய இசைவதைப் பிசைந்தும் ஏற்கின்ற அந்த ஒழுங்கிலே, ஒன்று சுத்தம், மற்றது அசுத்தம் என்ற பேதம் எழவில்லை.

இவ்வளவு சொன்னதனாற் பிழிதலே பிழையென்று நான் வாதிப்பதாகக் கொள்ளவேண்டாம். நெடுநாட் பட்டினி கிடந்த உடலுக்கும், நோயிலே தளர்ந்த குடலுக்கும் வடித்த சாறே தர்மம். 1932 செப்டெம்பர் 26இல் எரவாடாச் சிறையிலே காந்தியடிகள் உண்ணா நோன்பை முடித்தபோது கஸ்தூரிபாய் நீட்டியது ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு. அந்த வேளையில் அதற்குமேல் ஒன்றையும் அவ்வுடல் தாங்கியிராது. இங்கு கவனிக்க வேண்டியது, சாறு நோன்பை முடிக்க வந்ததேயன்றி நோன்பாக வரவில்லை என்பதே. உரும்பிராய்க்கு வடக்கே தோலகட்டியில் 1928ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் தாபித்த செபமாலைத் தாசர் ஆச்சிரமத்துத் துறவிகளும், மௌனத்துக்கும் இடைவிடாச் செபத்துக்கும் மாத்திரமன்றி, முந்திரிகை ரசத்துக்கும் நெல்லிரசத்துக்கும் பெயர்பெற்றவர்கள். வலிகாமத்துச் செம்மண்ணிற் பந்தரேறிய முந்திரிகை புளிப்பும் விதையும் மிக்கது. அதைப் பிழியாது விடச் சொல்ல எனக்கு மனமில்லை.

நன்னூலின் பாயிரத்திலே பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம்பிரிக்கும் பகுதியை, நாவலரின் காண்டிகையுரையோடு பாடங்கேட்ட பழைய தலைமுறையினர் இவ்விடத்தில் நினைவுகூர்வர். நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக வைத்த முனிவர், பாலை நீரினின்று பிரித்துண்ணும் அன்னத்தைத் தலைமாணாக்கனுக்கு வைத்தார். அம்மட்டோடு நின்றிருந்தால் ஜூசர்க்காரர் வென்றுவிட்டார் என்றே சொல்லலாம். ஆனால் அன்னத்துக்குப் பக்கத்திலே, அதே தலைவரிசையில், பசுவையும் நிறுத்தினார். பசு எதையும் பிரிப்பதில்லை. கண்ட புல்லை வயிறார மேய்ந்து, பின்பு ஓரிடத்திலே படுத்து, மேய்ந்ததை மீட்டுக் கொணர்ந்து அசைபோடுகின்றது.

பிளெண்டர்க்காரர் இதைக் கேட்டு மகிழ்வதற்கும் முழு இடமில்லை. புல்லை முழுதாக ஏற்றது பசுவின் பெருமையிற் பாதி. மீதிப் பாதி அந்த அசைபோடுதல். அதையோ பிளெண்டரின் கத்தி அரை நிமிஷத்தில் நமக்காகச் செய்து முடித்து, நாம் மெல்ல வேண்டிய வேலையையும், மெல்லும்போது மனம் தன்னைத்தான் பார்க்கக் கிடைக்கும் அவகாசத்தையும் பறித்துவிடுகிறது. ஆறு நாளும் உபவாசமிருக்க மாட்டாதவர் முதல் ஐந்து நாளும் ஒவ்வொரு பொழுது போசனஞ் செய்து, சஷ்டியன்று மாத்திரம் உபவாசமிருக்கலாம் என்று சைவ வினாவிடை இடங்கொடுத்திருக்கிறது. அந்த ஒரு பொழுதிலே ஒரு கீலம் பப்பாப்பழத்தைப் பல்லால் மென்று, கோதோடு விழுங்கி எழுந்து கோயிலுக்குப் போகின்றவரை, நாளுக்கு ஐந்து கிளாஸ் சாறு வடித்துக் குடிக்கின்றவர் விரதம் முறித்தவரென்று சொல்வாராயின், நாவலரின் நூலில் அதற்கு ஆதாரம் தேடுவது வீண்.