தரங்கம்பாடி: மதிலும் மாற்றுச் சமயமும்

ஒரு சமயத்தை அதற்கு வெளியே நிற்பவர் உள்ளபடி அறிந்துகொள்ள முடியுமா? தமிழகத்தில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த ஊர் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி டேனிஷ்காரர்கள் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். அந்த நூற்றாண்டிலேயே ஊரைச் சுற்றி மதிலும் எழுந்தது. இன்று ஊருக்குள் வருபவரை 1792ஆம் ஆண்டின் நகர வாயில் வரவேற்கிறது. அதைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், கரையோரம் அலை அரித்த மாசிலாமணி நாதர் கோயில் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில் அது. டேனிஷ் மதிலைவிட மூன்று நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

பல சமயத்தார் ஒரே ஊரில் இருப்பதால் மட்டும் ஒருவரையொருவர் அறிந்துவிடுவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் அட்ரியாடிக் கரையிலுள்ள துப்ரோவ்னிக் எல்லா நாட்டு வணிகர்களோடும் உறவு வைத்திருந்த மதில் நகரம். ஆனால் அந்தக் கத்தோலிக்கக் குடியரசு 1546இல் யூதர்களைத் தனித் தெருவில் அடைத்தது. மதிலுக்குள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் ஆலயம் 1877இல்தான் கட்டி முடிந்தது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கோயில் வழிபாட்டைத் தடுக்கவில்லை. அதற்கும் காரணம் வணிகமே. தமிழர் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டறியும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

கேட்டவர் சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று சக போதகர் புளூட்சோவுடன் வந்திறங்கிய அந்த ஜெர்மானியப் போதகர், சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட பூசலில் நான்கு மாதம் டேன்ஸ்போர்க்கிலேயே சிறையிருந்தார். 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியரான கிரண்ட்லரும் கடவுள், வினை, வீடுபேறு, திருமணம், மருத்துவம் எனப் பலவற்றையும் பற்றிக் கேள்விகள் எழுதித் தமிழர்களுக்கு அனுப்பினர். கிடைத்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியாக்கத்தில் ஹாலே நகரில் அச்சாயின.

பதில் எழுதியவர்கள் தயங்கவில்லை. பரம்பொருள் ஒன்றே என்றார்கள். அவரவர் சமயத்தில் ஒழுங்காக நிற்பவருக்குக் கதி உண்டு என்றார்கள். மாட்டிறைச்சி உண்பதையும், குடிப்பதையும், செருப்போடு ஆலயத்துக்குள் போவதையும் காட்டிக் கிறித்தவர்களைக் கண்டித்தார்கள். கேட்டவரைப் பதில் சொன்னவர்களும் அளந்தார்கள். இந்தக் கடிதங்களின் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

பிற சமயக் கொள்கையைக் கேட்டறிவது தமிழுக்குப் புதிதல்ல. வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகள் பலரிடம் அவர்கள் கொள்கையைக் கேட்பதற்கென்றே மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதை உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எதிர்க்கட்சிகளின் கருத்தை முதலில் எடுத்துரைத்துவிட்டு, பிறகே மறுக்கிறார். இரண்டும் உயர்ந்த அறிவு ஒழுக்கம். என்றாலும் முன்னதில் எல்லார் சார்பிலும் பேசுபவர் பௌத்தப் புலவர். பின்னதில் சைவ ஆசிரியர். தரங்கம்பாடிக் கடிதங்களில் மாற்றுச் சமயத்தார் தாமே பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பும் தேர்வும் போதகர்கள் கையில் இருந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சீகன்பால்குவின் நோக்கம் மதமாற்றம்தான். தெய்வ வழிபாடுகளைப் பொய் என்றே அவர் கருதினார். அப்படியிருந்தும், 1713இல் தமிழர் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கிருந்து போதகர் பணியை வழிநடத்திய பிராங்கே அதை அச்சிட மறுத்தார்: போதகர்களை அனுப்பியது அந்தச் சமயத்தை அழிக்கவே, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. மறுக்க வந்தவரே இவ்வளவு கவனமாகக் கேட்டுப் பதிந்தார் என்பது நம் கேள்விக்குப் பாதி விடை தருகிறது. ஒரு சமயத்தை அறிவதற்கு அதை ஏற்க வேண்டியதில்லை. அந்தச் சமயத்தாரின் சொல்லைத் திரிக்காமல் கேட்கும் பொறுமை வேண்டும்.

மீதிப் பாதி கசப்பானது. புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே மேல்சாதிக் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவரும் தனித்தனியே அமர்ந்தனர். ஒரே வேதத்தை ஏற்றவர்களிடையேயும் பிரிவு நின்றது. கொள்கையை ஓலையிலும் கடிதத்திலும் படித்து அறியலாம். பக்கத்தில் உட்கார மறுக்கப்பட்டவருக்கு அந்தச் சமயம் எப்படிப்பட்டது என்பதை அவரிடமே கேட்டால்தான் தெரியும். அந்த 99 கடிதங்களில் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் எழுத்தறிந்த மேலோரின் குரல்கள். ஆகவே அக்காலத் தமிழரின் சமயம் முழுவதும் அவற்றில் உண்டு என்று கொள்வது தவறு.

1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1718ஆம் ஆண்டு ஆலயத்தில் இன்றும் தமிழில் வழிபாடு நடக்கிறது. சீகன்பால்குவின் கல்லறையும் அங்கேதான் உள்ளது.