நாவுக்கு முதற்பாடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



நாக்கு ஒன்று; அதற்குத் தொழில் இரண்டு. சுவைப்பதும் அதுவே, பேசுவதும் அதுவே. இவ்விரண்டையும் பிரித்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்க இயலாது என்பதை அடியேன் ஐந்து வயதுப் பேரனிடம் கற்றேன்.

பாடசாலையில் தர்க்கஸங்கிரஹம் வாசித்த காலத்தில், ரஸம் என்பது நாவினால் அறியப்படும் குணம், அது ஆறு வகை, நீருக்கு உள்ளது இனிப்பு ஒன்றே என்று மனனம் செய்தோம். தண்ணீர் தித்திக்கக் காணோமே என்று கேட்டால், நெல்லிக்காயைத் தின்றபின் பருகிப் பார் என்பது விடை. இதையே பேரனுக்கும் பாடமாக வைத்தேன். வெல்லம், புளி, உப்பு, மிளகு, வேப்பம்பூ, நெல்லிக்காய் என்று நாளுக்கொன்று. பிறந்த சிசுவும் இனிப்பை விரும்பும், கைப்பை வெறுக்கும், அது இயற்கை. வெறுத்ததையும் துளித்துளியாகப் பல நாள் பழக்கினால் நாக்கு ஏற்கும். ஆதலால் வேப்பம்பூவை அவன் துப்பியபோது நான் கோபிக்கவில்லை. "எப்படி இருக்கிறது? உள்ளபடி சொல்" என்பதே என் ஒரே கட்டளை. நெல்லிக்காய்க்குப் பின் ஒரு மிடறு தீர்த்தம் பருகி, "தித்திக்கிறது தாத்தா!" என்று அவன் வியந்தபோது, நீரின் ரஸம் தானே என்று கண்ணன் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் அருளியதை அவனுக்குச் சொன்னேன்.

மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லி. பெருமாள் அமுதுசெய்தருளிய அக்காரவடிசில் விநியோகமாயிற்று. குழந்தை ஒரு கவளம் வாயிலிட்டு, "தாத்தா, இது கசக்கிறது" என்று உரக்கச் சொல்லிவிட்டான். அருகிலிருந்தோர் "அபசாரம்" என்றனர். அடியேனும் சினந்து, "பிரஸாதத்தைக் குறை சொல்லலாகாது, இனிக்கிறது என்று சொல்" என்றேன். கண்ணில் நீர் தளும்ப, "இனிக்கிறது" என்றான்.

அடிசில் அடிப்பிடித்திருந்தது மெய். என் நாவும் அதை அறிந்திருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிரஸாதத்தில் குணதோஷம் பார்க்கலாகாது என்பது பெரியோர் மரபு. அதை விட்டுக்கொடுக்க ஒருப்படேன். ஆனால் உள்ளபடி சொல்லப் பழக்கிய நாவைப் பொய் சொல்லப் பணிப்பது எந்த மரபு? மேலும், திருமடைப்பள்ளியில் தளிகை செய்பவர் கண்டருளப் பண்ணுமுன் ருசி பார்ப்பதில்லை. பின்னர் உண்பவர் சொன்னாலன்றிக் குறை அவருக்கு எவ்வாறு தெரியும்? அனைவரும் பக்தியால் மௌனித்தால், மறுநாளும் தீய்ந்ததே பெருமாள் திருமுன்பு செல்லும். சபரி கனிகளைக் கடித்துப் பார்த்து நல்லவற்றையே இராமனுக்கு அளித்தாள் என்பர். அது வால்மீகி ராமாயணத்தில் இல்லை. எனினும் ஜனங்களின் நெஞ்சில் நிலைத்தது. ருசி அறிந்த நாவே அவனுக்கு நல்லதைத் தேடித் தரும் என்பதை எல்லோரும் உணர்ந்தனர் போலும்.

இது நாவுக்கு அடிமையாக்கும் வழியன்றோ எனில், அன்று. ரஸமுள்ள உணவைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் ஸாத்விகம் என்றே கூறும். மிகையான கைப்பும் புளிப்பும் உப்பும் காரமுமே ராஜஸம். விலக்கத்தக்கது அளவின்மை, சுவையறிவு அன்று.

மறுநாட்காலை குழந்தையிடம், "நேற்று நான் சொல்லச் சொன்னது தவறு" என்றேன். பின் மடைப்பள்ளி வாசலுக்கு அழைத்துச் சென்று, தளிகை ஸ்வாமியிடம் தணிந்த குரலில் சொல்லச் செய்தேன். "பால் குறுகும்போது விறகைத் தணிக்காமல் விட்டேன். இத்தனை பேர் வாங்கிப் போனார்கள். ஒருவரும் சொல்லவில்லையே, குழந்தாய்!" என்று அவர் தழுதழுத்தார்.

எனவே பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். கிடைத்ததைச் சிந்தாமல் உண்ணவும், அறிந்ததை உள்ளபடி சொல்லவும், குறையைத் திருத்தக்கூடியவரிடம் மட்டும் மெல்லச் சொல்லவும் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

ஒன்று பிறகே நினைவுக்கு வந்தது. வேப்பம்பூவைத் துப்பிய பிள்ளை, அந்தக் கவளத்தைத் துப்பவில்லை. கசக்கிறது என்று சொல்லிவிட்டு, முழுவதும் உண்டிருந்தான். அவனையா அபசாரம் செய்தான் என்றோம்!

அடியேன் ராமாநுஜதாஸன்.