அளவையும் அமானிதமும்

மதுரைச் சமவெளியில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட கல்லொன்றின் அடர்த்தியைக் காணும் சோதனையை நம் மாணவர் ஒருவர் பள்ளியில் செய்தார். கல்லின் நிறை 81 கிராம். அளவுசாடியில் 60 மில்லிலிட்டரில் நின்ற நீர், கல் மூழ்கியதும் 91க்கு உயர்ந்தது. 81ஐ 31ஆல் வகுத்தார், 2.61 வந்தது. புத்தகத்தில் 2.7 என்றிருந்தது. உடனே 91ஐ அழித்து 90 என்றெழுதி, விடையைப் பொருத்திவிட்டார்!

சோதனையில் இருந்தது பிழை. திருத்தத்தில் நுழைந்ததோ பொய். பிழை மனித இயல்பு. பொய் நிய்யத்தின் கோணல்.

அந்தச் சாடியில் மில்லிலிட்டருக்கு ஒரு கோடுதான். ஒவ்வொரு பார்வையிலும் அரை மில்லிலிட்டர் முன்பின் ஆகலாம். இரு பார்வைக்கும் சேர்த்து ஒன்று. ஆகவே கல்லின் கன அளவு 30க்கும் 32க்கும் இடைப்பட்டது, அடர்த்தி 2.5க்கும் 2.7க்கும் இடைப்பட்டது. இந்த வரம்பை அவர் எழுதியிருந்தால் புத்தக விடையும் அதற்குள் அடங்கியிருக்கும். பொய்க்குத் தேவையே இருந்ததில்லை.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் கன அளவை எப்போதும் கூட்டியே காட்டும். அவற்றை அகற்றாமல் பத்துமுறை அளந்தாலும் பிழை போகாது. குறைந்த படிக்கல்லும் ஒவ்வொரு நாளும் மாறாமல்தானே நிறுக்கிறது? மாறாமை வேறு, வாய்மை வேறு.

973இல் பிறந்த அல்பீரூனி, வழியும் நீரை நிறுத்து உலோகங்களையும் மணிகளையும் ஆராய்ந்தார். அவர் கண்ட அளவுகளை அல்காஸினி 1121ஆம் ஆண்டளவில் 'மீஸானுல் ஹிக்மா'வில் பதிந்துவைத்தார். பிற்காலத்தில், காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து பெற்றதைவிட ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்திருப்பதைக் கண்டார் ராலே. அந்த முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை. 1892இல் உலகறிய வெளியிட்டார். அதன் பயனாக 1894இல் ராம்சேயுடன் ஆர்கான் என்னும் வாயுவைக் கண்டார். அழித்தெழுதியிருந்தால் அந்த உண்மை எங்கே போயிருக்கும்?

அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கத் திருமறையில் 'அல்முதஃப்பிஃபீன்' என்றோர் அத்தியாயமே உண்டு. அந்த எச்சரிக்கை கடைத்தெருவோடு நின்றுவிடுவதன்று. மாணவரின் குறிப்பேடும் ஒரு தராசே. கண்டதைக் கண்டபடி எழுதுவது அமானிதம். விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியராகிய நாமும், எண்ணை மட்டும் கேட்டு மகிழும் பெற்றோரும், அந்த அழிப்பில் பங்காளிகளே. இனி நம் பிள்ளைகளிடம், “விடை சரியா?” என்பதற்கு முன், “கண்டதைத்தான் எழுதினாயா?” என்று கேட்போமாக!