இடுப்பில் செருகின பூவரசங்கட்டை

எங்க சின்னையா இரண்டு துப்பாக்கி செய்தார். இரண்டுமே பூவரசங்கட்டை. ஒன்று பெரியது, இன்னொன்று அதைவிட ரெண்டு விரல் குட்டை. பெரியதின் வயிற்றைக் குடைந்து, பழைய மோட்டாரில் கழற்றின நட்டுகளை உள்ளே போட்டு அடைத்தார். பலசரக்குக் கடைத் தராசில் வைத்து முக்கால் கிலோ வருகிறதா என்று பார்த்தார். சின்னது அரைக் கிலோ. "என்ன பட்டாளத்தாரே, பேத்திக்கு விளையாட்டுச் சாமானா?" என்று கடைக்காரர் கேட்டாராம். ஆமா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் பெரியதை இடுப்பில் செருகிக்கொண்டு ராயகிரித் தெருவில் நடந்தார். மறுவாரம் சின்னதை. சட்டைக்கு மேலே புடைத்துத் தெரியுதா, சைக்கிள் மிதிக்கும்போது தொடையில் குத்துதா, குனிந்து மடை திறக்கையில் நழுவுதா என்று பார்ப்பதற்காக.

சிரிப்பு மூட்ட இதை எழுதவில்லை. அந்த ரெண்டு வாரத்தை நினைத்துத்தான் கொஞ்ச நாளாக எனக்கு மண்டை காய்கிறது. ஒடுக்கப்பட்டவன் ஆயுதம் எடுக்கலாமா என்கிற கேள்வியை நாம் எவ்வளவோ பேசியாயிற்று. 'திருப்பி அடி' என்று சுவர் சுவராக எழுதிய தலைமுறை நாம். என் கேள்வி அதற்கு அடுத்தாற்போல் நிற்கிறது. அந்த ஆயுதத்தை அவன் ஏன் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது? ஒளித்து வைத்த ஆயுதம் அவனை என்ன செய்கிறது?

ராயகிரி தெரியாதவர்களுக்கு: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், சிவகிரிக்குப் பக்கம். முன்பு சங்கரன்கோவில் தாலுகா. 2019இல் மாவட்டம் பிரித்ததிலிருந்து தென்காசி. சின்னையா பட்டாளத்தில் பதினேழு வருசம் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் ஒரு வங்கியில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்தால்தான் வேலை என்றார்கள். ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, பன்னிரண்டு போர், கடன் வாங்கி எடுத்தார்.

வங்கி வாசலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். எல்லாச் சாதிக்காரனும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒருத்தனுக்கும் அது உறுத்தியதில்லை. அடுத்தவன் பணத்தைக் காக்கிற துப்பாக்கி ஆச்சே! அதே துப்பாக்கியை உறைக்குள் போட்டுச் சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவரும்போது மட்டும், பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் முதுகில் கண்கள். "துப்பாக்கி தூக்கிட்டு நடக்கான் பாரு." ஒரே மனுசன், ஒரே இரும்பு. வாசலில் நிற்கும்போது காவலன், தெருவில் நடக்கும்போது திமிர் பிடித்தவன்.

வேலை முடிந்து வந்த பணத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார். பங்குக் கிணறு. எங்கள் ஆட்களுக்கு நிலம் வந்தால் கூடவே என்ன வரும் என்று இந்த இதழ் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ராத்திரிதான் தண்ணீர் முறை. வரப்பில் வைத்து ரெண்டு தடவை மிரட்டல். ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் டார்ச் லைட். ஒற்றைக்குழலை எந்தக் கையில் பிடிப்பது? அப்போதுதான் கைத்துப்பாக்கி யோசனை வந்தது.

பொதுமக்களுக்கு இந்த நாட்டில் 9 மி.மீ. துப்பாக்கி கிடையாது, அது தடை செய்யப்பட்ட ரகம். .32 ரகம் கிடைக்கும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் பழைய ரிவால்வர் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. 2014இல் அதே கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்று ஒன்று வந்தது. ஆறு குண்டு, அரைக் கிலோ சுமார். 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, பெண்களின் கைப்பைக்குள் அடங்கட்டும் என்று 'நிர்பயா' பெயரை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். வந்தபோது விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ராத்திரி பஸ்ஸில் வேலை முடிந்து வருகிற எந்தப் பெண்ணின் கைப்பையில் அவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்கக்கூடாது போல. பிஸ்டல் என்றால் 'அஷானி'. சின்னையா இவற்றையெல்லாம் ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதன் விளைவுதான் அந்த ரெண்டு கட்டை.

"ரிவால்வர்னா எடுத்தோம், அமுக்குனோம், முடிஞ்சது. பிஸ்டல்னா மேல்பாகத்தை இழுத்து விடணும், பூட்டு எடுத்துருக்கான்னு பாக்கணும். கைக்கு ஒரு புத்தி உண்டுலே. ஒரு வாரம் ஒண்ணு, மறுவாரம் இன்னொண்ணுன்னு மாத்துனா, அவசரத்துல கை முந்தினதைத்தான் தேடும். அந்த ஒரு நொடியில நாம காலி" என்றார். எது நல்லது, எது சின்னது, எது தெரியாமல் இருக்கும் என்று மணிக்கணக்காகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மெல்ல மெல்ல ஒன்று புரிந்தது. எது என்கிற பேச்சில் ஏன் என்கிற பேச்சு அமுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவரை மிரட்டினவன் எவனும் எந்த மாதிரி ஆயுதம் வெளியே தெரியாது என்று ராத்திரியெல்லாம் முழித்து யோசித்திருக்க மாட்டான்.

அந்த ரெண்டு வாரத்தில் என்ன நடந்தது? டீக்கடையில் ஒருத்தர், "என்ன பட்டாளத்தாரே, இடுப்புல வலியா? ஒரு பக்கமா சாஞ்சு நடக்கீரு?" என்று கேட்டுவிட்டார். கட்டை தெரியவில்லை, நடை தெரிந்துவிட்டது. பெஞ்சில் உட்காரும்போது முதுகு சுவரைத் தேடியது. கை அடிக்கடி சட்டையை இழுத்து விட்டது. சின்னம்மை சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "அந்தப் பக்கம் பேத்தியைத் தூக்க மாட்டேங்காரு. புள்ள அழுவுது." இத்தனைக்கும் உள்ளே இருந்தது நட்டு அடைத்த பூவரசங்கட்டை.

பழைய கதைக்குப் போவோம். தர்மத்துக்கு இடையூறு வந்தால் இருபிறப்பாளர் ஆயுதம் எடுக்கலாம் என்று மனு எட்டாம் அத்தியாயத்தில் அனுமதி தருகிறான். இருபிறப்பாளர் என்றால் மேல் மூன்று வர்ணம். மிச்சமுள்ளவனுக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று அவனுக்குக் கவலையில்லை. இந்த நாட்டில் அடிமைப்பட்டவன் ஏன் கலகம் செய்யவில்லை என்கிற கேள்விக்கு பாபாசாகேப் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் நேராகவே பதில் சொன்னார்: ஆயுதமும் கல்வியும் மறுக்கப்பட்டதால். கலப்பையை வாளாக மாற்றிக்கொள்ளக்கூட அவனுக்கு வழியில்லாமல் செய்தார்கள் என்பது அவர் வாதம். அவர் அப்பா ராம்ஜி பட்டாளத்தில் சுபேதார். ஆயுதம் பழகின கையைச் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

எங்கள் சீமையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. வாசுதேவநல்லூர் பக்கம் நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவன் படையில் ஒண்டிவீரன் தளபதி. அருந்ததியர். 2022இல் அவருக்குத் தபால் தலை வந்தது. பாளையக்காரர்களை ஒடுக்கி முடித்த கையோடு, 1801 டிசம்பரில் கும்பினி ஓர் அறிக்கை போட்டு இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பிடுங்கியது. பிறகு 1878 ஆயுதச் சட்டம், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. இப்போது இருப்பது 1959ஆம் வருசத்துச் சட்டம். அதன் விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி, வாள், ஈட்டி எல்லாம் ஆயுதம். ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிக்கு அதிலிருந்து விலக்கு. ஆக, அரிவாள் ஆயுதமும்தான், ஆயுதம் இல்லையும்தான். அது யார் கையில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்த்து ஸ்டேஷனில் முடிவு செய்வார்கள். நம் பையன் புல்லறுக்கக் கொண்டுபோனால் அது ஆயுதம் ஆகிவிடும் நாளும் உண்டு.

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் வெந்து செத்தார்கள். மேலவளவில் 1997 ஜூன் 30, பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டினார்கள். "முருகேசன் இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தா?" என்று சின்னையாவிடம் கேட்டேன். பட்டாளத்துக்காரர் இல்லையா, உணர்ச்சிவசப்படாமல் கணக்குச் சொன்னார்: "ஆறு குண்டு. வந்தது கும்பல். ரெண்டு பேரு விழுந்திருப்பான். பெறவு நம்ம தெரு பூராவும் எரிஞ்சிருக்கும். கொலைகாரன்னு பேரு நமக்கு வந்திருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த ரெண்டு பேரு முந்தின நாளே யோசிச்சிருப்பான்லா?" என்றார்.

அந்த 'முந்தின நாள்' என்பதில்தான் விசயம் இருக்கிறது. தெரிகிற ஆயுதம் முந்தின நாளே பேசும். ஒளித்த ஆயுதம் முதல் வெட்டு விழுந்த பிறகுதான் பேசும். நம்மைத் தொட யோசிக்க வேண்டும் என்றால் நம்மிடம் இருப்பது தெரிய வேண்டும். தெரிந்தால் அதுவே தொடுவதற்குக் காரணம் ஆகிவிடுகிறது. ஆகவே சின்னதாக்கு, இன்னும் சின்னதாக்கு, சட்டைக்குள் போடு. முக்கால் கிலோ அரைக் கிலோ ஆகிறது. .22 ரகத்தில் 'நிடர்' என்று கால் கிலோவுக்கும் ஒன்று இருக்கிறது. ஆயுதம் சிறுக்கச் சிறுக்க, நிமிர்ந்து நடக்கும் உரிமையும் சேர்ந்து சிறுக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டாதே, செருப்பைக் கையில் எடு, துண்டை இடுப்பில் கட்டு என்ற வரிசையில் இதுவும் ஒன்றாக எனக்குப் படுகிறது.

அமெரிக்கக் கறுப்பர்கள் நமக்கு முன்னாலேயே இந்த இடத்துக்கு வந்து முட்டியவர்கள். அடித்துக் கொல்லும் கும்பல்களை எதிர்த்து எழுதிய ஐடா பி. வெல்ஸ், 1892இல், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் ரைபிள் மரியாதையான இடத்தில் இருக்க வேண்டும் என்றார். கவனியுங்கள், ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. அகிம்சைக்குப் பேர்போன மார்ட்டின் லூதர் கிங், 1956இல் மாண்ட்கோமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு மனுப் போட்டார். கொடுக்கவில்லை. 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில். இவரிடம் முறையான அனுமதி இருந்தது. காரை நிறுத்திய போலீசிடம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். சொன்ன சில நொடிக்குள் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட போலீஸ்காரரை மறுவருசம் நடுவர் குழு விடுதலை செய்தது. ஒருத்தருக்கு அனுமதி இல்லை, ஒருத்தருக்கு அனுமதி இருந்தும் உயிர் இல்லை.

நம் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, நம் ஆட்களிலேயே நிறையப் பேர் வாசித்ததில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. மூன்றாவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே தலித், பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத லைசென்சுகளை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிக்க வேண்டும். அதன் பிறகு, அவசியமானால், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக நம் மக்களுக்கு லைசென்சு கொடுக்கலாம். இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் அவன் கையிலிருந்து எடு, பிறகு இவன் கையில் கொடு. நம்மில் சூடாகப் பேசுகிறவர்கள் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நான் முதல் வாக்கியத்துக்காகச் சண்டை போடச் சொல்கிறேன்.

இதைச் சின்னையாவிடம் சொன்னேன். சிரித்தார்.

"நீ மதுரையில உக்காந்துகிட்டு வரிசை சொல்லுத. வரப்புல வரிசை கிடையாதுலே."

"அப்ப ஒளிச்சு வச்சா சரியாப் போயிருமா சின்னையா?"

"சரியாப் போவும்னு யாரு சொன்னா? சாகுறப்ப வெறுங்கையோட சாகக்கூடாது. அம்புட்டுதான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தற்காப்பு உரிமையைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரை. நான் அந்த உரிமையை மறுக்கவில்லை. மறுத்தால் கீழே விழுந்து கிடப்பவனிடம் போய் ஒழுக்கம் போதிக்கிறவன் ஆகிவிடுவேன். அகிம்சை பேச எனக்கு என்ன யோக்கியதை, என் வாசலில் எவனும் அரிவாளோடு நின்றதில்லை. ஆனாலும் பேத்தியைத் தூக்க முடியாத அந்த இடுப்பு என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. பாதுகாப்பு என்று நாம் வாங்குவது பயத்தைத்தான் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வதா? அப்படியென்றால் ஆயுதம் இல்லாதபோது இருந்த பயம் என்ன பயம்? ரெண்டில் எதோடு ஒரு மனுசன் மனுசனாக இருக்க முடியும்?

அவர் மனு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது: உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்த ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "பயிருக்குப் பன்னித் தொல்லைன்னு எழுதியிருந்தா ஏதாவது பாத்திருக்கலாமே பெரியவரே" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். பன்றிக்குப் பயந்தால் புரிந்துகொள்கிறார்கள்.

போன தேர்தலுக்கு எல்லா லைசென்சுத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது, ஒற்றைக்குழலைத் தூக்கிக்கொண்டு சின்னையா போனார். நானும் கூடப் போனேன். உறையில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெருவே பார்த்தது. ஒப்படைக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம். வீட்டு நடையில் பேத்தி அந்தச் சின்னக் கட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பெரியதை எங்கே என்று கேட்டேன். சின்னம்மை அடுப்பைக் காட்டினாள்.